உங்களுக்குத் தெரியுமா? பிறந்த மண்ணில் நடக்க ஒரு 'பாஸ்'!

யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எங்கே வீடு பிடிக்கலாம் என்பதைத் தோலின் நிறத்தை வைத்துச் சட்டமே முடிவு செய்த நாடு தென்னாப்பிரிக்கா.

● 16 வயது நிறைந்த கறுப்பினத்தவர் அனைவரும் எந்நேரமும் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதில் புகைப்படம், கைரேகை, முதலாளியின் கையெழுத்து எல்லாம் இருந்தன. போலீஸ் கேட்டதும் நீட்டாவிட்டால் கைது. 'டோம்பாஸ்', அதாவது 'முட்டாள் பாஸ்' என்று மக்கள் அதை வெறுப்போடு அழைத்தார்கள்.

● இதைக் கட்டாயமாக்கிய 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பாஸ் ஒழிப்பு' என்று இருந்தது!

● அனுமதி பெறாத கறுப்பினத்தவர் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்றிருந்தது. கணவரைப் பார்க்கக் கிராமத்திலிருந்து வந்த மனைவிக்கும் இதே கெடுதான்.

● 1956 ஆகஸ்ட் 9 அன்று, பாஸை எதிர்த்து சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்டார்கள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் பலர். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார்கள். இன்று அது அந்நாட்டின் மகளிர் தினம்.

● 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில், பாஸ் இல்லாமல் காவல் நிலையத்தின் முன் கூடிய மக்கள்மீது போலீஸ் சுட்டது. 69 பேர் இறந்தனர். அந்த நாளையே இனப் பாகுபாட்டு ஒழிப்பு நாளாக ஐ.நா. அறிவித்தது.

● கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966இல் 'வெள்ளையர் பகுதி' ஆனது. 60,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். வீடுகளை புல்டோசர் இடித்துத் தள்ளியது. இப்போது அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் தரையில் விரித்த பெரிய வரைபடத்தில், தங்கள் வீடு நின்ற இடத்தைப் பழைய குடியிருப்பாளர்கள் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள்.

● இந்தியர்களுக்கும் தடை இருந்தது. அனுமதியின்றி அவர்கள் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாதிருந்தது. 1913இல் மாகாண எல்லையைத் தாண்டி, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்றவர் தில்லையாடி வள்ளியம்மை. சிறையில் நோயுற்ற அவர், விடுதலையான கொஞ்ச நாளிலேயே, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது 16.

● பாஸ் சட்டங்கள் 1986இலும், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 1991இலும் நீக்கப்பட்டன.

வரும் மார்ச் 21 அன்று, உங்கள் பிள்ளைகளுக்கு வள்ளியம்மையின் கதையோடு ஷார்ப்வில்லின் கதையையும் சொல்லுங்கள்.