முதலில் லைனைக் கேளுங்கள்: டயல்-அப் மோடம் செய்த மூன்று வேலைகள்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிக் கிடக்கிறது வில்கமுவ. மாவட்டத் தலைநகர் மலைக்கு மேற்கே, ஊர் மலைக்குக் கிழக்கே. கச்சேரியில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமானால் பஸ் ஏறி மலையைக் கடந்து போய்வரவே பகல் கழிந்துவிடும். இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு தொலைபேசி லைன் வந்துவிட்டால், அதைப் பேசுவதற்கு மட்டும் வைத்திருக்க யாருக்கும் மனம் வராது. அதே லைனில் இணையம், பெக்ஸ், பதிவுக் குரல் மூன்றையும் கொண்டுவந்த பெட்டிதான் டயல்-அப் மோடம்.

பெட்டியின் மேல் '56கே' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பி வாங்கிவிட்டு 28,800ஐத் தாண்டவில்லையே என்று மோடத்தைத் திட்டியவர்கள் ஏராளம். குறை பெரும்பாலும் மோடத்தில் இருப்பதில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையில் ஓடும் செப்புக் கம்பி.

தொலைபேசி லைன் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் அதில் ஒழுங்காகப் போகும். கணினியின் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் அந்த எல்லைக்குள் அடங்கும் ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்பப் பிரித்தெடுப்பதே மோடத்தின் வேலை. 1994இல் வந்த வி.34 தரம் நொடிக்கு 28,800 பிட் தந்தது. பிறகு அது 33,600 ஆனது. சாதாரண லைனில் அதற்கு மேல் போக வழியில்லை என்றிருந்தபோது, 1998இல் வி.90 ஒரு குறுக்குவழியைக் கண்டது. எக்ஸ்சேஞ்ச் நம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. மொத்தம் 64,000 பிட். இணைய நிறுவனம் எக்ஸ்சேஞ்சுடன் டிஜிட்டல் முறையிலேயே இணைந்திருந்தால், நம் பக்கம் வரும் பாதையில் டிஜிட்டலிலிருந்து ஒலியலைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கும். 56,000 வரை எட்டலாம். நாம் அனுப்பும் திசையில் அப்போதும் 33,600தான். வழியில் இன்னொரு மாற்றம் குறுக்கிட்டாலோ, கம்பி பல கிலோமீட்டர் நீண்டு உயர் அலைவரிசைகள் தேய்ந்துபோனாலோ, மோடம் வி.90ஐக் கைவிட்டு வி.34க்கு இறங்கிவிடும். எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருக்கும் நகரத்து வீட்டுக்கும் வயல் கடந்து கம்பம் கம்பமாகக் கம்பி வரும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். 28,800 வேகத்தில் ஒரு மெகாபைட் படம் இறங்க ஏறக்குறைய 5 நிமிடம் ஆகும்.

இணைப்பு ஏற்படும்போது ஸ்பீக்கரில் வரும் சத்தத்தைப் பலர் எரிச்சலோடு அடக்கிவிடுவார்கள். அதைக் கேட்பது நல்லது. எண்கள் விழுந்தபின் மறுமுனை 2,100 ஹெர்ட்ஸில் சில நொடி ஊதும். பிறகு வரும் கரகரப்பில், இரண்டு மோடங்களும் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை ஒரே நேரத்தில் எழுப்பி, எது எவ்வளவு தேய்ந்து வந்து சேர்கிறது என்று அளக்கின்றன. அந்த அளவை வைத்தே வேகத்தை முடிவு செய்கின்றன. ஆக, அந்த இரைச்சல் லைனுக்கு நடக்கும் பரிசோதனை. அது வழக்கத்தைவிட நீண்டு, திரும்பத் திரும்ப வந்தால் லைன் கெட்டிருக்கிறது.

மூன்று வேலைகளில் தொலைவான ஊருக்கு அதிகம் உழைத்தது பெக்ஸ் என்பேன். அது கேட்கும் வேகம் குறைவு: 14,400. லைன் மோசமானால் 9,600, 7,200, 4,800 என்று படிப்படியாக இறங்கிக்கொள்ளும். ஒரு ஏ4 தாளைச் சாதாரணத் தரத்தில் வரிக்கு 1,728 புள்ளி வீதம் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகளாகப் பிரித்து, வெற்றிடங்களைச் சுருக்கி அனுப்பும். தட்டச்சுக் கடிதம் ஒரு நிமிடத்துக்குள் போய்விடும். இதைவிடப் பெரிய நன்மை எழுத்து. யூனிகோட் பரவாத அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழை மின்னஞ்சலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பெக்ஸ் எழுத்தை அனுப்புவதில்லை, எழுத்தின் படத்தை அனுப்புகிறது. தமிழோ சிங்களமோ, அடித்தவர் கண்ட மாதிரியே மறுமுனைத் தாளில் விழும். கொமியூனிகேஷன் கடைகளில் பெக்ஸ் இயந்திரத்தின் முன் ஆட்கள் காத்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மோடம் வழியாக பெக்ஸ் அனுப்ப, அச்சிடும் இடத்தில் அச்சு இயந்திரத்துக்குப் பதிலாக பெக்ஸைத் தெரிவு செய்தால் போதும். கையொப்பமிட்ட தாள் என்றால் ஸ்கேனரும் வேண்டும். பெறுவதற்குக் கணினி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் இது பெரிய குறை. கணினி அணைந்திருந்தாலும் தன் நினைவகத்தில் பெக்ஸைப் பிடித்து வைக்கும் வெளி மோடங்களும் இருந்தன.

குரல் வசதி எளிது. அழைப்பை எடுத்து, நாம் பதிந்த அறிவிப்பை ஒலிக்கவிட்டு, பேசுபவரின் செய்தியைக் கணினியில் சேமிக்கும். பேசுவது ஆளா, பெக்ஸா என்று எப்படித் தெரியும்? அனுப்பும் பெக்ஸ் இயந்திரம் 1,100 ஹெர்ட்ஸில் அரை நொடி ஒலி, மூன்று நொடி மௌனம் என்று திரும்பத் திரும்பக் கூவும். அதைக் கேட்டதும் மோடம் பெக்ஸுக்கு மாறிவிடும். ஆனால் இணையத்தில் இருக்கும்வரை அந்த லைன் எங்கேஜ்தான். அழைப்பவருக்கு மூன்றில் எதுவும் கிடைக்காது.

பொருத்தும்போது கணினியைத் திறப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நிற்கும். அந்த அமைதியில் 'ஸ்ஸ்' என்றோ, படபடவென்றோ கேட்டால் மோடம் தடுமாறும். பெரும்பாலும் கூரையோரத்தில் மழை பட்டுப் பச்சை பிடித்த இணைப்பு, முறுக்கிச் செருகிய நீட்டிப்புக் கம்பி, அடுத்த அறையின் இரண்டாவது தொலைபேசி இவற்றில் ஒன்றுதான் காரணம். அவற்றைச் சரிசெய்தபின் சுவரிலிருந்து வரும் கம்பியை மோடத்தில் 'லைன்' என்று குறித்த துளையிலும், தொலைபேசியை 'போன்' துளையிலும் செருகுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றிச் செருகுவது வழக்கமான தவறு.

பிறகு பழைய விண்டோஸில் இருந்த ஹைப்பர்டெர்மினலைத் திறந்து 'ஏடி' என்று அடித்தால் 'ஓகே' என்று பதில் வரும். 1981இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த இந்தக் கட்டளைகளைப் பின்வந்த பெரும்பாலான மோடங்கள் ஏற்றுக்கொண்டன. 'ஏடி&எஃப்' தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும். காதில் டயல் டோன் நன்றாகக் கேட்டும் 'நோ டயல்டோன்' என்று மோடம் அடம்பிடித்தால், வேறு நாட்டு டோனை எதிர்பார்க்கிறது என்று பொருள். நாட்டை மாற்றுங்கள், அல்லது 'ஏடிஎக்ஸ்3' கொடுங்கள், டோனுக்குக் காத்திராமல் சுழற்றும். இணைந்ததும் 115,200 என்று காட்டினால் அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். லைனின் உண்மை வேகத்தைப் பெரும்பாலான மோடங்களில் 'ஏடிடபிள்யூ2' காட்டும்.

நீண்ட கம்பிக்கு இரண்டு கட்டளைகள் முக்கியம். 'எஸ்10=50' என்றால் அலை 5 நொடி மறைந்தாலும் மோடம் லைனை வைத்துவிடாது. 'ஏடி+எம்எஸ்=வி34' என்றால் 56கேயை முயலாமல் நேராக வி.34க்குப் போகும். வேகத்தை நாமே குறைப்பது மனதுக்கு ஒப்பாது. ஆனால் 44,000இல் இணைந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுவதைவிட, 26,400இல் ஒரு மணிநேரம் நிற்பதே கோப்பை முழுதாகக் கொண்டுவரும். அழைப்புக் கட்டணமும் குறையும்.

இடி இன்னொரு எதிரி. மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் மின்னல் உலர்வலயத்தில் கடுமை. வெளியில் நீண்டு கிடக்கும் கம்பி வழியாகத் தாவும் மின்னழுத்தம் மோடத்தை மட்டுமல்ல, கணினியின் தாய்ப்பலகையையும் எரித்துவிடும். மின் செருகியை மட்டும் பிடுங்குவது போதாது. தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும்.

2000களின் நடுப்பகுதியில் கம்பி போகாத கிராமங்களுக்கு சிடிஎம்ஏ கம்பியில்லாத் தொலைபேசிகள் வந்தன. பேசத் தெளிவு, ஆனால் அதில் மோடத்தையோ பெக்ஸையோ செருகினால் வேலை செய்யவில்லை. குறைந்த பிட்டில் அனுப்புவதற்காக அவை மனிதக் குரலின் சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை உதறின. மோடத்தின் ஒலி அந்த 'மற்றதில்' போய்விட்டது. அந்தத் தொலைபேசியையே கேபிள் மூலம் கணினியில் இணைத்துத் தரவு அழைப்பு எடுப்பதுதான் சரியான வழியாக இருந்தது. இன்றைய பைபர் இணைப்புகளில் குரல் இணையப் பொட்டலங்களாகப் போகிறது, அங்கும் பெக்ஸ் பாதித் தாளில் அறுவதுண்டு. அப்போது பெக்ஸின் வேகத்தை 9,600க்குக் குறைத்து, சேவை வழங்குநரிடம் டி.38 வசதி உண்டா என்று கேளுங்கள்.