பிக்கப் வண்டியில் வீடு கட்டப் போறீங்களா? வெல்டிங்குக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க

பிக்கப் வண்டியின் பின்னால் ஒரு சின்ன அறை. மடக்கு கட்டில், ஒரு ஜன்னல், மேலே சோலார் பேனல். சாரல் சீசனில் குற்றாலத்துக்கு வந்தால் லாட்ஜ் தேடி அலைய வேண்டாம். இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நம்ம குட்டியானையிலோ பொலிரோ பிக்கப்பிலோ செய்தால் என்ன என்று உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். தாராளமாக யோசிக்கலாம். ஆனால் வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்பு ஆர்.சி.யைக் கையில் எடுத்துக் கொஞ்சம் உட்காருங்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு ஆட்டோவின் மேல் 6 அடிக்கு 6 அடியில் ஒரு வீட்டையே கட்டினார். செலவு சுமார் 1 லட்சம் ரூபாய்; பெரும்பாலும் பழைய பொருட்கள்தான். 2021-ல் அதைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, பொலிரோ பிக்கப் மேல் இதைவிடப் பெரிதாக ஒன்றை வடிவமைப்பாரா என்று ட்விட்டரில் கேட்டார். படம் பார்த்தவர்கள் எல்லாரும் மாடியையும் சோலாரையும் பேசினார்கள். கவனிக்க வேண்டியது வேறு: அந்த வீட்டை போல்ட்டுகளைக் கழற்றி வண்டியிலிருந்து தனியாக எடுத்துவிடலாம்.

இது ஏன் முக்கியம்? உங்கள் வண்டி என்ன வகை, அதன் பாடி என்ன, காலி எடை எவ்வளவு என்பதெல்லாம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. அந்த விவரங்கள் மாறும்படி வண்டியில் எதைச் செய்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அனுமதி இல்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021 ஆகஸ்டில் கேரளத்தின் கண்ணூரில், வேனிலேயே ஊர் சுற்றிய யூடியூபர் சகோதரர்களின் வண்டியை விதிமீறிய மாற்றங்களுக்காக அதிகாரிகள் பிடித்துவைத்தது பெரிய செய்தியானது. தென்காசியிலிருந்து கிளம்பினால் புளியரை தாண்டியதும் கேரளம்தானே!

"கழற்றி மாட்டுற பெட்டிதானே, அதுக்கு அனுமதியே வேண்டாம்" என்று சிலர் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீங்க. பக்கப் பலகைகளுக்குள் அடங்கி, கயிறோ கிளாம்போ போட்டு நிற்கும் பெட்டி ஒரு ரகம். பலகையை அறுத்து, சேஸிஸில் வெல்டு வைத்து, கேபின் பின்சுவரில் வழி திறப்பது முற்றிலும் வேறு ரகம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எது என்று முடிவு செய்ய வேண்டியவர் மோட்டார் வாகன ஆய்வாளர், பட்டறைக்காரர் அல்ல. அதனால் நீளம், அகலம், உயரம், எடை குறித்த ஒரு வரைபடத்தோடு முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

நிரந்தரமாகவே மாற்றப் போகிறீர்கள் என்றால், சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகை சட்டத்திலேயே இருக்கிறது. அது போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வரும். ஆனால் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரமும் உண்டு. வீட்டு முற்றத்தில் அதை எட்டிப்பிடிப்பது சுலபமில்லை. அங்கீகாரம் பெற்ற பாடி பில்டரிடம் போவது செலவுதான் என்றாலும், அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பத்தைப் போனிலேயே தொடங்கலாம். பரிவாகன் இணையதளத்தில் வாகனம் தொடர்பான சேவைகளுக்குப் போய், தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணைக் கொடுங்கள். சேஸிஸ் எண்ணின் கடைசி 5 எழுத்துகளும் ஓ.டி.பி.யும் கேட்கும். ஆர்.சி.யில் உங்கள் பழைய மொபைல் எண் இருந்தால் இங்கேயே நின்றுவிடும். முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். வேலை முடிந்த 14 நாட்களுக்குள் அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நடக்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

இனி எடை. பெரும்பாலான வீட்டுத் தயாரிப்புகள் கோட்டை விடுவது இங்கேதான். ஆர்.சி.யில் மொத்த எடை 1,500 கிலோ, காலி எடை 850 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 650. முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் 140 போச்சு, 510 இருக்கிறது. ஸ்கொயர் பைப் சட்டம் 120 கிலோ. 18 மி.மீ. பிளைவுட் 8-க்கு 4 அடி ஷீட் ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. ஆறு ஷீட் 180. தண்ணீர் 100 லிட்டர் என்றால் அப்படியே 100 கிலோ. இன்வெர்ட்டர் பேட்டரி 55. மெத்தை, அடுப்பு, பாத்திரம் 50. மொத்தம் 505. பாக்கி 5 கிலோ! குற்றாலத்தில் ஒரு பலாப்பழம் வாங்கி ஏற்றினால் ஓவர்லோடு. எனவே பிளைவுட்டைக் குறைத்து அலுமினிய ஷீட்டுக்குப் போங்கள், தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து ஓட்டி, போன இடத்தில் நிரப்புங்கள். கட்டி முடித்ததும் எடை மேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். ஓவர்லோடுக்குச் சட்டத்தில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். மேலே ஏற ஏற வளைவில் வண்டி சாயும். புளியரை எஸ் வளைவைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் பிளைவுட் ஏற்றிவந்த லாரி ஒன்று அந்தப் பக்கம்தான் ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. அருகில் குடியிருந்த வயதான தம்பதி டார்ச் அடித்து ரயிலை நிறுத்தினார்கள். பேட்டரி, தண்ணீர் இரண்டும் தரையோடு தரையாக, அச்சுக்கு அருகில் இருக்கட்டும்.

வண்டி ஓடும்போது பின்னால் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள் தூங்குகிறார்கள், பத்து நிமிஷம்தான் என்றாலும் கூடாது. சரக்கு வண்டியின் பின்புறத்தில் சீட் பெல்ட்டும் இல்லை, அனுமதியும் இல்லை.

அடுத்தது உயிர் விஷயம். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தளத்தில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. ஜெனரேட்டரோ எஞ்சினோ ஓடும்போது உள்ளே படுக்காதீர்கள். சாரல் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைப்பதும் இதே ஆபத்துதான். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு காற்றுத் துளைகளை மூடாமல் விடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கி மாட்டுங்கள். கேஸ் அடுப்பை வெளியே வைத்துச் சமையுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் சுற்றுலா ரயில் பெட்டிக்குள் தீப்பிடித்து 9 பேர் இறந்ததற்குக் காரணம், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்.

எல்லாம் முடிந்து குற்றாலம் வந்தாச்சு. எங்கே நிறுத்துவது? ஓடைக்கரையும் காட்டு ஓரமும் படத்துக்கு அழகு. ராத்திரி தங்க வேண்டாம். வனப்பகுதியில் அனுமதியில்லாமல் தங்கவே கூடாது. இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே மலைமேல் பெய்த மழை இறங்கிவிடும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவரை அடித்துச் சென்றது. ஊருக்குள் மேடான, கழிப்பறை வசதியுள்ள கட்டண பார்க்கிங்கிலோ, லாட்ஜ் வளாகத்திலோ கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வண்டியின் முகம் வெளியே போகும் பாதையைப் பார்த்து இருக்கட்டும். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு 112.