பிரான்ஸில் படிப்பு: கடன்படாமல் செல்லும் வழி

அயல்நாடு சென்று கற்று வருதல் கூட்டுறவு இயக்கத்திற்குப் புதிய செய்தியன்று. நம் இயக்கம் வேரூன்றியதே அத்தகைய பயணம் ஒன்றின் பயனாகத்தான். கோயமுத்தூர் ஜில்லாவின் கையேட்டை 1887-ல் எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, 1892-ல் சென்னை அரசாங்கம் ஒரு தனிப் பணிக்கு நியமித்தது. ஐரோப்பியக் குடியானவர்கள் லேவாதேவிக்காரர் பிடியிலிருந்து எவ்வாறு விடுபட்டனர் என்பதை ஆராய்வதே அப்பணி. அவருடைய அறிக்கை 1895-லும் 1897-லும் இரு பாகங்களாக வெளிவந்தது. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது; அவ்வாண்டிலேயே திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் பதிவாயிற்று.

கடனிலிருந்து விடுபடும் வழியைத் தேடி அன்று ஒருவர் கடல் கடந்தார். இன்றோ, பிள்ளைகள் கடல் கடந்து படிப்பதற்காகவே பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. படிப்பின்மேல் உள்ள ஆசை குற்றமாகாது. வழி அறியாமல் செலவிடுவதே துன்பத்திற்குக் காரணம். ஆகவே, பிரான்ஸ் தேசத்திற்குச் சென்று படிக்க விரும்பும் நம் அங்கத்தினர்களின் மக்களுக்குப் பல்கலைக் கழகப் பரிமாற்றத் திட்டம் என்ற வழியை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

பத்திரத்துடன் வந்த அங்கத்தினர்

மண்ணரை, திருப்பூர் நகரின் கிழக்கே நொய்யலை அடுத்துள்ள பகுதி. பனியன் கம்பெனிகளும், அவற்றைச் சார்ந்த தொழில்களும், அவற்றிடையே இன்னும் எஞ்சியுள்ள தோட்டங்களும் தறிகளும் அங்கே உண்டு. அப்பகுதிச் சங்கம் ஒன்றின் கணக்குகளை நாம் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது, நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் வீட்டுப் பத்திரத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“ஏனுங்க, இதை வெச்சாப் பதினெட்டு லட்சம் கெடைக்குமுங்களா? புள்ளை பிரான்ஸுக்குப் படிக்கப் போகோணுமுங்கறா” என்று கேட்டார்.

அவர் மகள் கோவையில் நெசவுத் தொழில் நுட்பம் மூன்றாம் ஆண்டு பயில்பவள். படிப்பு முடிந்ததும் அந்நாட்டுத் தனியார் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடுவதாகத் தரகர் ஒருவர் வாக்களித்து, முன்பணமும் கேட்டிருக்கிறார். “உங்கள் மகளின் கல்லூரிக்கும் பிரான்ஸில் உள்ள கல்லூரி எதற்கேனும் ஒப்பந்தம் உண்டா என்று விசாரித்தீர்களா?” என்று கேட்டோம். “அப்படியொண்ணு இருக்குதுங்களா?” என்றார் அவர்.

மறுவாரம் அவர் மகள் கல்லூரியில் விசாரித்தாள். ஒப்பந்தம் இருந்தது. ஆனால் அவ்வாண்டு விண்ணப்பம் பெறும் கடைசித் தேதி கடந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. அடுத்த முறை வாய்ப்பிற்காக அவள் இப்போது பிரெஞ்சு மொழி கற்று வருகிறாள். தரகருக்கு முன்பணம் போகவில்லை. பத்திரம் வீட்டுப் பெட்டிக்கே திரும்பிற்று. பதினெட்டு லட்சம் ரூபாய்க் கடனைத் தவிர்த்தது ஒரு கேள்விதான் என்பதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பரிமாற்றம் என்பது யாது?

இரு நாட்டுக் கல்வி நிலையங்கள் தம்முள் செய்துகொள்ளும் ஒப்பந்தமே இதற்கு அடிப்படை. நம் கல்லூரி மாணவர் சிலர் அங்கே ஒரு பருவமோ இரு பருவமோ பயில்வர். அவர்கள் மாணவர் இங்கே வந்து பயில்வர். நம் மாணவர் தமது கல்லூரிக்கே வழக்கமான கட்டணத்தைச் செலுத்துகின்றனர். அங்குள்ள நிலையம், ஒப்பந்தப்படி, தன் கற்பிப்புக் கட்டணத்தை வாங்குவதில்லை. நெல் கொடுத்துப் பருத்தி வாங்கிய பழைய பண்டமாற்றைப் போன்றது இது.

செல்லுமுன் இன்னின்ன பாடங்கள் பயில்வதென்று மாணவரும் இரு நிலையங்களும் எழுத்து மூலம் உடன்பட வேண்டும். ஐரோப்பிய முறையில் ஒரு பருவத்திற்கு 30 மதிப்பலகுகள். அவற்றை நம் கல்லூரி தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளுமா, எந்தப் பாடத்திற்கு ஈடாக எதை ஏற்கும் என்பதை முன்கூட்டியே கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுதல் அவசியம். இதைப் பெறாமல் செல்பவர் திரும்பி வந்து அதே பருவத்தை மீண்டும் படிக்க நேரிடலாம்.

கல்லூரியில் மாணவராக இருக்கும் வரையில்தான் இக்கதவு திறந்திருக்கும் என்பது மிக முக்கியம். இறுதி ஆண்டு முடிந்தபின் கேட்டுப் பயனில்லை. ஆகையால் இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியின் அயல்நாட்டுத் தொடர்பு அலுவலகத்தை அணுகுவது நலம். முதலில் நம் கல்லூரி மாணவரைத் தெரிவு செய்து பெயரைப் பரிந்துரைக்கும். பின்னர் அங்குள்ள நிலையம் அனுமதிக் கடிதம் அனுப்பும். அதன்பின் ‘காம்பஸ் பிரான்ஸ்’ என்ற பிரெஞ்சு அரசாங்க ஸ்தாபனத்தின் மூலம் விண்ணப்பித்து, விஸா பெற வேண்டும். இவற்றுள் எந்தப் படிக்கும் தரகர் தேவையில்லை.

வரவு செலவுக் கணக்கு

கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடலாகாது. விமானக் கட்டணம், விஸாக் கட்டணம், தங்குமிடம், உணவு, குளிருக்கேற்ற உடை ஆகியவை குடும்பத்தைச் சார்ந்தவை. மாணவரிடம் மாதம் 615 யூரோவாவது செலவுக்கு உண்டு என்பதற்குச் சான்று காட்டுமாறு பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்துள்ளது. ஐந்து மாதப் பருவத்திற்கு இது 3,075 யூரோ. கணக்குக்காக யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என வைத்துக்கொண்டால் ரூ. 3,07,500 ஆகும். பாரிஸ் நகரில் இத்தொகை போதாது. சிறு நகரங்களில் சிக்கனமாக இருப்போர்க்கு ஏறத்தாழப் போதும்.

ஒப்பந்தமின்றி நேரே சேர்பவர் நிலை வேறு. 2019-ல் பிரெஞ்சு அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து வருவோர்க்கு ஆண்டுக் கட்டணம் இளங்கலைக்கு 2,770 யூரோ, முதுகலைக்கு 3,770 யூரோ என்று விதிக்கப்பட்டது. பின்னர் அது சற்று உயர்ந்துள்ளது. சில பல்கலைக் கழகங்கள் விலக்கும் அளிக்கின்றன. தனியார் பள்ளிகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் வாங்குவன பல. தரகர்கள் பெரும்பாலும் இத்தகைய பள்ளிகளையே காட்டுவதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

செலவைக் குறைக்க வழிகளும் உண்டு. 1992-ல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் பெயரால் பிரெஞ்சு அரசாங்கம் இந்திய மாணவர்க்கு உதவித் தொகை வழங்குகிறது. அதில் பரிமாற்ற மாணவர்க்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. திருச்சியில் பிறந்த நம் சர். சி. வி. ராமனின் பெயரையும் சேர்த்து, ஆராய்ச்சி மாணவர்க்காக ராமன்–ஷார்பாக் உதவித் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. போட்டி கடுமையானதே, எனினும் விண்ணப்பிக்காதவர்க்கு எதுவும் கிடைப்பதில்லை. ‘குரூஸ்’ என்னும் அரசாங்க அமைப்பு மாணவர் விடுதிகளையும், குறைந்த விலையில் உணவளிக்கும் சாலைகளையும் நடத்துகிறது. ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர் விஸா இடமளிக்கிறது. ஆனால் மொழி அறியாத புதியவர்க்கு வேலை எளிதில் கிட்டாது. அந்த வருமானத்தை நம்பிப் புறப்படுவது மழையை நம்பி நாற்று விடுவதைப் போன்றதே.

நமக்கு அங்கே என்ன இருக்கிறது?

இவ்வளவு முயன்று அங்கே கற்க வேண்டியது என்ன என்று சிலர் கேட்கலாம். நெசவாளர், விவசாயி இருசாராருக்கும் பிரான்ஸில் பாடங்கள் உண்டு.

பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள துருவா நகரம் அந்நாட்டின் திருப்பூர் எனலாம். பின்னலாடையே அதன் உயிராக இருந்தது. காலர் வைத்த ‘பிக்கே’ துணிச் சட்டையை ரெனே லகோஸ்த் என்ற டென்னிஸ் வீரர், ஆந்திரே ஜிலியே என்ற அந்நகரப் பின்னலாடை முதலாளியுடன் சேர்ந்து 1933-ல் வெளியிட்டார். நம் பனியன் கம்பெனிகளில் இன்று தைக்கப்படும் போலோ சட்டைகளுக்கு மூதாதை அதுவே. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், மலிவான கூலி கிடைக்கும் நாடுகளுக்குத் தொழில் பெயர்ந்ததால், அந்நகரின் ஆலைகளிற் பல மூடப்பட்டன. கூலிக் குறைவை மட்டுமே பலமாகக் கொண்ட தொழில், அதனினும் குறைந்த கூலி கண்ட இடத்திற்குப் போய்விடும் என்பதைத் துருவாவின் தெருக்களில் நம் மாணவர் நேரிற் காணலாம்.

வடக்கே லீல் நகரை அடுத்த ரூபே கம்பளி ஆலைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. ஆலைகள் நலிந்தபோதிலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய நெசவுப் பொறியியற் கல்லூரி அங்கே இன்றும் சிறந்து விளங்குகிறது. மருத்துவத்திற்கும் பாதுகாப்பிற்கும் பயன்படும் தொழில் துணிகள் போன்ற துறைகளில் அங்கே ஆராய்ச்சி நடைபெறுகிறது. அழிந்த தொழிலிடையே கல்வி நிலைத்து நின்றதையும் நாம் கருத வேண்டும்.

கூட்டுறவாளர்க்கு லியோன் நகரம் ஒரு யாத்திரைத் தலம். பட்டு நெசவாளர் 1831-லும் 1834-லும் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்ட ஊர் அது. அங்கே மிஷெல் தெரியோன் என்பவர் 1835-ல் நெசவாளர் வாழும் மேட்டுப் பகுதியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கினார். நாம் யாவரும் போற்றும் ராச்டேல் முன்னோடிகளின் கடைக்கு அது ஒன்பது ஆண்டுகள் மூத்தது. மூன்றாண்டுகளில் மூடப்பட்டதாயினும், அந்த வித்து வீண்போகவில்லை.

விவசாயிகள் ஜூரா மலைநாட்டைப் பார்க்க வேண்டும். தனித்தனியே சில மாடுகள் வைத்திருந்தவர்கள் பாலை ஒன்றாகச் சேர்த்துக் கோம்தே என்ற பெரிய பாற்கட்டியைச் செய்யும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது. அந்நாட்டிலேயே 1885-ல் ஒரு சிறு விவசாயக் கடன் சங்கம் தோன்றியது; 1894-ல் சட்டத்தின் ஆதரவு கிடைத்தது. அவ்வாறு வளர்ந்த கிரெடி அக்ரிகோல் இன்று உலகப் பெரும் வங்கிகளுள் ஒன்று. ஆயினும் அதன் அடித்தளம் அங்கத்தினர்களின் உள்ளூர்ச் சங்கங்களே. தெற்கே மரோசான் என்ற சிற்றூரில் 1901-ல் திராட்சைக் குடியானவர்கள் கூடித் தம் விளைவை இடைத்தரகரின்றி விற்கத் தொடங்கினர். கொப்பரைக்கும் மஞ்சளுக்கும் விலை கிடைக்காமல் வாடும் நமக்கு இவை அயலார் கதைகள் ஆகமாட்டா.

சாயம் கற்க வந்தவர்கள்

நாம் மட்டுமே கற்கச் செல்பவர்கள் என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டு அச்சுத் துணிகளின் மோகம் பெருகியதால், 1686 முதல் 1759 வரை பிரான்ஸ் அவற்றைத் தடை செய்திருந்தது. அதே காலத்தில் அதன் இரகசியத்தைக் கற்க அந்நாட்டினர் நம் கரைக்கு வந்தனர். பொலியூ என்ற கப்பல் அதிகாரி 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் ஒரு துணிக்குச் சாயமேற்றுவதைப் படிப்படியாகக் கவனித்து, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டை வெட்டி வைத்துக் குறிப்பெழுதினார். கேர்தூ என்ற பாதிரியார் 1742-ல் எழுதிய கடிதத்தில், கடுக்காயும் எருமைப் பாலும் கலந்து துணியை ஊறவைப்பதையும், சாயவேரால் சிவப்பேற்றுவதையும் விவரித்தார். அவருக்குக் கற்பித்தவர்கள் நம் சாயத் தொழிலாளரே. பரிமாற்றம் என்ற சொல் வழங்குமுன்னரே கல்வி இவ்வாறு கடல் தாண்டிற்று.

அந்தச் சாயமே நம் காலத்தில் நொய்யலுக்கு நோயாயிற்று. சாயக் கழிவு 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்மடைப் பாசன நிலங்கள் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடும்படி ஆணையிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையை மேற்கொண்ட பிறகே தொழில் மீண்டும் எழுந்தது. ஆயினும் பிரித்தெடுத்த உப்புக் கசடையும், அதற்காகும் மின்சாரச் செலவையும் குறைப்பது இன்னும் பெரிய பிரச்னையே. தண்ணீர் குறைந்த சாயமுறை, கழிவு நீர் வேதியியல், பழந்துணியை மீண்டும் நூலாக்கல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் தேர்ந்து படித்து வருவார்களாயின், பனியன் தொழிலாளியும் கத்தரித் தோட்டக்காரரும் ஒருங்கே பயனடைவர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர்களின் மக்கள் எந்தக் கல்லூரிகளில் படிக்கின்றனர் என்ற பட்டியலை வைத்திருப்பது நல்லது. அக்கல்லூரிகளுக்கு எழுதி, ஒப்பந்தம் உள்ள அயல்நாட்டு நிலையங்கள், விண்ணப்பத் தேதிகள் ஆகியவற்றைக் கேட்டறிந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இதற்குத் தபால் செலவைத் தவிர வேறு செலவில்லை. விதிகள் இடந்தரும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்து மொழிப் பயிற்சிக்கோ பயணத்திற்கோ சிறு உதவி அளிப்பதை நிர்வாகக் குழுக்கள் ஆலோசிக்கலாம்.

கடன் தேவைப்படின் வங்கியில் முறையான கல்விக் கடனாகவே பெறுக. வீட்டையும் நிலத்தையும் தனியாரிடம் அடகு வைத்தல் வேண்டாம். எழுத்து மூலமான அனுமதிக் கடிதம் வரும் முன் எவருக்கும் ஒரு ரூபாயும் கொடுத்தல் வேண்டாம். சென்று வந்த மாணவர் மகாசபைக் கூட்டத்தில் அரை மணி நேரம் தாம் கண்டதையும் கற்றதையும், ஆன செலவையும் உள்ளது உள்ளபடி எடுத்துரைப்பதை ஒரு வழக்கமாக்கிக் கொள்வோம். ஒருவர் பெற்ற அறிவு அடுத்தவருக்கு வழிச் செலவைக் குறைக்கும். சிறு சேமிப்பைத் திரட்டிப் பெருநிதி ஆக்கிய நம் சங்கங்களுக்கு இந்தச் சேமிப்பும் கைவரக் கூடியதே.