ஏப்ரல் 14, பகல் 12.18: நிழல் விழாத நேரம்

வரும் ஏப்ரல் 14 அன்று பகல் 12 மணி 18 நிமிடத்துக்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கவாட்டில் நிழல் விழாது. மின்கம்பத்துக்கு இல்லை, கொடிக்கம்பத்துக்கு இல்லை. மாலை போட வரிசையில் நிற்கிறவரின் நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளில், அதுவும் நம் ஊர்களில், இது நடக்கிறது என்பது நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. மைக்செட்டுக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வைக்கிறோம். ஒரு கம்பு நட யாரும் சொல்லி வைப்பதில்லை.

மார்ச் 21 வாக்கில் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் சூரியன், வடக்கே நகர்ந்து ஜூன் 21 வாக்கில் கடகரேகையைத் தொட்டுத் திரும்புகிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ஏறத்தாழ 9½ பாகை வட அட்சத்தில் இருக்கின்றன. போகிற வழியில் ஏப்ரல் 14 அன்றும், திரும்பும்போது ஆகஸ்ட் 28 வாக்கிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. கன்னியாகுமரிக்கு இது ஏப்ரல் 10 வாக்கில், சென்னைக்கு 24 வாக்கில். டெல்லிக்கு வருவதே இல்லை. நம் கடிகாரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது. நாம் இருப்பதோ 78-ஐ ஒட்டி. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு அல்ல, 12.18-க்கு என்று வரும்.

அறிவியல் அமைப்புகள் 'நிழலில்லா நாள்' என்று இதைப் பல ஊர்களில் நடத்துகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அந்த மேடைகளில் நிழலுக்கு இந்த நாட்டில் இருக்கும் இன்னொரு வரலாற்றை யாரும் பேசுவதில்லை. நம் மேடைகளிலோ அந்த வரலாறு மட்டுமே பேசப்படுகிறது, கம்பு இல்லை. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்பதே எங்கள் கேள்வி.

நிழல் என்றால் என்ன என்று கேட்டால், ஒளி ஊடுருவாப் பொருள் ஒளியைத் தடுப்பதால் உண்டாவது என்று நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். இரண்டு மதிப்பெண் கிடைக்கும். அதே நிழலைத்தான் தீட்டு என்றார்கள். பேஷ்வா ஆட்சியில் எதிரே ஓர் இந்து வந்தால், அவர்மேல் நிழல் படக்கூடாது என்பதற்காகத் தீண்டப்படாதவர் பொதுத்தெருவில் நடக்கக்கூடாது என்றிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் (1936) சொல்கிறார். சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே 1932-இல் வெளிவந்த தம் நூலில் இன்னும் துல்லியமான ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். புனே நகர வாயிலுக்குள் பிற்பகல் 3 மணிமுதல் காலை 9 மணிவரை மகர், மாங் மக்கள் இருக்கக்கூடாது. அந்த வேளைகளில் நிழல் மிக நீளமாக விழுமாம்.

இதைப் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டாம், அளக்கச் சொல்லலாம். ஏப்ரல் 14 அன்று நம் ஊரில் 5 அடி உயர ஆளின் நிழல் காலை 9 மணிக்கு 5½ அடிக்குச் சற்று மேலே இருக்கும். பிற்பகல் 3 மணிக்கு 4 அடிக்குச் சற்று மேலே. 12.18-க்குப் பூஜ்யம். ஆள் ஒருவரேதான். நிழலின் நீளத்தை முடிவு செய்வது சூரியனின் கோணம். காலை 9 மணிக்குத் தீட்டாக இருந்தவர் உச்சியில் எப்படித் தீட்டில்லாமல் போனார் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

செய்முறைக்குக் காசு வேண்டியதில்லை. காலனியில் ஒரு கொத்தனாராவது இருப்பார். அவருடைய தூக்குக்குண்டும் ரசமட்டமும்தான் ஆய்வகம். சமதளமான தரையில் ஒரு மீட்டர் கம்பைத் தூக்குக்குண்டு வைத்து நேராக நடுங்கள். ஏப்ரல் 11 முதல் தினமும் 12.18-க்கு நிழலின் நுனியில் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். 11-ஆம் தேதி நிழல் சுமார் 2 செ.மீ. வடக்கே விழும். 14 அன்று இருக்காது. 17-ஆம் தேதி அதே 2 செ.மீ. தெற்கே விழும். நிழல் பக்கம் மாறுவதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பதுதான் இதில் சுவையான பகுதி, முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். 14 அன்று சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்குப் போன் போட்டு, அங்கே உச்சிப்பொழுதாகும் 12.09 வாக்கில் ஒரு மீட்டர் கம்பின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 6 செ.மீ. இருக்கும். இந்த வித்தியாசத்தையும் வடக்குத் தெற்காக உள்ள தூரத்தையும் வைத்துத்தான் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். அவர் கேள்விப்பட்டதும் உச்சி வெயில் அடிவரை விழும் ஒரு கிணற்றைப் பற்றித்தான். தூர்ந்த கிணறுகளுக்கு நம் கரிசல் காட்டில் பஞ்சமில்லை. தடுப்புச்சுவர் இல்லாத கிணற்றருகே மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். சூரியனை நேராகவோ தண்ணீரில் தெரியும் பிம்பமாகவோ பார்க்க விடாதீர்கள். கால்மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிறுத்த வேண்டாம், மோர் இருக்கட்டும்.

நம் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்ல மறக்காதீர்கள். கடிகாரம் இல்லாத காலத்தில் தம் நிழலைத் தம் பாதத்தால் அளந்து 'இத்தனை அடி' என்று பொழுது சொன்னவர்கள் அவர்கள். வேலை விடும் நேரத்தை முதலாளி தள்ளிப்போட்டால், நிழலை அளந்துதான் பதில் சொல்ல முடிந்தது.

நிழலோடு நிற்கவில்லை. பார்வையும் தீட்டாக இருந்தது. புதிரை வண்ணார் மக்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்பதால் இரவில் மட்டுமே வெளியே வந்து வேலை செய்ததாக, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழ் செய்தி வெளியிட்டது. நமக்குப் பக்கத்து மாவட்டம். இதற்கும் ஒரு செய்முறை உண்டு. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்து மூடி, பக்கத்தில் சிறு துளையிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாது. மூடியை ஒரு விரல் அளவு திறந்தால் தெரியும். கண்ணிலிருந்து எதுவும் புறப்பட்டுப் போவதில்லை. பொருளின்மேல் பட்ட வெளிச்சம் திரும்பிக் கண்ணுக்குள் வருகிறது, அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைச் சோதனைகளோடு விளக்கி எழுதியவர் பஸ்ராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம். வெளிச்சம் யார்மேல் பட்டாலும் ஒரே விதிப்படிதான் திரும்புகிறது.

ஜெயந்தி நாளில் கம்பும் பெட்டியும் எதற்கு, இது அரசியல் நாள் அல்லவா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். சிறுவன் பீமாராவைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு ஆசிரியர் அழைத்தபோது மற்ற மாணவர்கள் கூச்சலிட்டார்கள், பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன என்று தனஞ்செய் கீர் எழுதிய வரலாறு சொல்கிறது. பலகையருகே யார் வரலாம், கருவியை யார் தொடலாம் என்பது அன்றும் அரசியல்தான். இன்றும் பல பள்ளிகளில் செய்முறை என்றால் ஆசிரியர் மேசையில் செய்வார், முதல் வரிசை பார்க்கும், கடைசி வரிசை எழுதிக்கொள்ளும். கம்பும் வெயிலும் கடைசி வரிசையையும் தொட விடுகின்றன.

ஏப்ரல் 14 விடுமுறை. ஆகவே அது காலனியில், சிலையருகே. பல ஊர்களில் சிலை கூண்டுக்குள் இருக்கிறது. 12.18-க்குக் கூண்டின் செங்குத்துக் கம்பிகளின் நிழல் மறைவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மேல்மூடியின் நிழல் மட்டும் போகாது, அதைச் சூரியனிடம் சொல்லிப் பயனில்லை.

ஆகஸ்ட் 28 பெரும்பாலும் பள்ளி நாளாக இருக்கும். அது அய்யன்காளியின் பிறந்த நாள் (1863). பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துப் போனதற்காக அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். அன்று பகல் 12.19 வாக்கில், அருப்புக்கோட்டை, திருச்சுழி ஒன்றியங்களின் அரசுப் பள்ளி முற்றங்களில் இதே கம்பை நட அறிவியல் ஆசிரியர்கள் முன்வர வேண்டும். தலைமையாசிரியர் அனுமதிக்கு ஜூலையிலேயே மனுக் கொடுக்கலாம்.

இப்போதைக்கு ஏப்ரல். தூக்குக்குண்டைக் கொத்தனாரிடம் 10-ஆம் தேதியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 14 அன்று அவரும் ஊர்வலத்தில் இருப்பார்.