தாழ்வு என்றால் எவ்வளவு தாழ்வு?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று வானொலி அறிவித்திருக்கும். இராயபுரத்தில் வானமோ தெளிவாக இருக்கும்! இந்தத் 'தாழ்வு' எதைவிடத் தாழ்வு? எவ்வளவு தாழ்வு?

காற்றுக்கும் எடை உண்டு. கடல் மட்டத்தில் அதன் சராசரி அழுத்தம் சுமார் 1013 மில்லிபார். ஓரிடத்தில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தால் அது தாழ்வுப் பகுதி. இதற்கென்று நிலையான எல்லைக்கோடு கிடையாது. சுற்றிலும் 1010 இருக்க, நடுவில் 1006 இருந்தாலும் தாழ்வுதான். வெறும் 4 மில்லிபார்!

பத்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு ஏறினாலும் ஏறக்குறைய இதே அளவு அழுத்தம் குறைகிறது. மாடிப்படியில் புயல் வீசவில்லையே, ஏன்? மேலும் கீழுமான அழுத்த வேறுபாட்டைக் காற்றின் எடையே சமன் செய்துவிடுகிறது. பக்கவாட்டு வேறுபாட்டை எடை சமன் செய்ய முடியாது. ஆகவே காற்று தாழ்வை நோக்கி ஓடுகிறது. பூமி சுழல்வதால், வட அரைக்கோளத்தில் அது வலப்புறம் விலகி, தாழ்வை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கடலிலிருந்து எழும் நீராவி மேகமாகும்போது வெளியிடும் வெப்பமே இச்சுழலுக்கு எரிபொருள்.

இந்திய வானிலைத் துறை காற்றின் வேகத்தைக் கொண்டு இவற்றுக்குப் பெயரிடுகிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைந்தால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐ எட்டினால் புயல். 2023 டிசம்பர் 1 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒன்று, 3ஆம் தேதி 'மிக்ஜாம்' புயலாயிற்று. இரண்டே நாள்! ஆழ்கடலுக்குப் போன படகு கரை திரும்ப அவகாசம் வேண்டுமல்லவா? அதனால்தான் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் முன்கூட்டியே எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஒன்றாம் எண் கூண்டு, ஆபத்து இன்னும் தொலைவில் உள்ளது என்பதற்கு அடையாளம்.

தாழ்வு எந்தத் திசையில் உள்ளது என்பதை நீங்களே அறியலாம். டச்சு அறிஞர் பைஸ் பாலட் 1857இல் கூறிய விதி இது: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், தாழ்வு உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். திருவொற்றியூரில் வாடைக்காற்று பலமாக வீசுகிறதா? வடக்கே முதுகைக் காட்டினால் இடக்கை கிழக்கே, கடலைக் காட்டும். தாழ்வு அங்கேதான்! காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால், அது வடக்கே நகர்ந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இப்பெயர்கள் காற்றின் வேகத்தைச் சொல்கின்றனவே தவிர, மழையின் அளவை அல்ல. 2015 டிசம்பர் 1ஆம் தேதி வங்கக் கடலில் புயல் ஏதும் இல்லை. ஆயினும் மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது.

இனி யாரேனும் "வெறும் தாழ்வுதானே!" என்று அலட்சியமாகச் சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?