ஏர்வாடித் தீ விபத்தும் மனநலச் சட்டமும்

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளைத் தங்கவைக்கும் தனியார் இல்லங்கள் பல இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய இல்லங்களுக்கு உரிமம் தேவை என்னும் 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தும் பயனில்லை. உச்ச நீதிமன்றம் தாமாகவே இதனை வழக்காக எடுத்து விசாரித்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமை குறித்த ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றபின் புதிய சட்டம் அவசியமாயிற்று. அதன் வரைவுப் பணியில் மனநல மருத்துவர் சௌமித்ர பதாரே பங்காற்றினார். சென்னை 'பேன்யன்' அமைப்பின் வந்தனா கோபிகுமார் தேசிய மனநலக் கொள்கையை வகுத்த குழுவில் இடம்பெற்றார்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017இன் 95ஆம் பிரிவு, நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

முறையீடுகளை விசாரிக்கும் மறுஆய்வு வாரியத்தில் மனநல மருத்துவருக்கும், நோயுற்றோர் அல்லது அவர்களைப் பராமரிப்போர் தரப்புக்கும் இடமுண்டு. களத்தில் காணும் குறைகளை மருத்துவர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் எழுத்தில் பதிந்து அங்கே கொண்டுசென்றால்தான் இச்சட்டமும் ஏட்டளவில் நின்றுவிடாது.