பழைய டீசல் காரை வதந்திக்குப் பயந்து விற்காதீர்கள்

"பத்து வருசம் தாண்டுன டீசல் வண்டிய இனி ரோட்டுலயே உட மாட்டாங்களாமுங்க. வந்த வெலைக்குத் தள்ளி உட்ருங்க." காங்கேயம், வெள்ளக்கோவில், ஊதியூர்ப் பக்கம் பழைய பொலிரோவோ இன்னோவாவோ வைத்திருப்பவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர் தரகராக இருந்தால், மூச்சு விடாமல் ஒரு விலையையும் சேர்த்தே சொல்லிவிடுவார்.

அது டெல்லிச் சேதி. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இரண்டுமே தலைநகர் வட்டாரத்துக்கு மட்டும்தான். அங்கேயே 2025 ஜூலையில் பழைய வண்டிகளுக்குப் பங்க்கில் டீசல் கொடுக்கக் கூடாது என்று ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு பத்தாண்டுக் கெடு கிடையாது.

இங்கே உள்ள கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, தகுதி பார்த்து, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. இருபது ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அதையே 10,000 ஆக்கிவிட்டார்கள். இதுபோகப் பசுமை வரியும் உண்டு. கசக்கிற தொகைதான், ஆனாலும் இன்ஜின் நன்றாக இருக்கிற வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதைவிட மலிவு.

புகைச் சான்றிதழில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். பி.எஸ்.4 வண்டிக்கு ஓராண்டு, அதற்கு முந்தைய வண்டிக்கு ஆறே மாதம். ஸ்டிக்கரை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், இன்ஜினைச் சூடாக்கிவிட்டுக் குழாயில் கருவியைச் செருகி அளக்கச் சொல்லுங்கள். புகை அளவு முன்பைவிட ஏறியிருந்தால் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ கவனிக்கச் சொல்கிறது என்று அர்த்தம். அந்தத் தகவல் நமக்குத்தான் பயன்படும்.

வீட்டு வாசலில் நாமே வேலை பார்ப்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. உதிரிப்பாகம் அங்கீகரிக்கப்பட்ட ஒர்க் ஷாப்புக்கு மட்டும்தான் என்று கம்பெனிகள் வைத்திருந்த பிடியைத் தளர்த்தச் சொல்லி இந்தியப் போட்டி ஆணையமே 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம். உதிரிப்பாகத்தையும் கோளாறு பார்க்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுக்க வேண்டும், வெளியில் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது என்றது ஆணையம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனதும் நடந்தது. ஆனாலும் வெளியில் ரிப்பேர் பார்ப்பது குற்றம் போலப் பேசும் சர்வீஸ் ஆலோசகரிடம் சொல்வதற்கு இது போதும். வாங்கும் சாமான் உறையில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் பெயர், மாதம், வருடம் இல்லையென்றால் கடைக்காரர் எவ்வளவு பழக்கமானாலும் வாங்காதீர்கள்.

வீட்டில் எந்த வேலையைப் பார்க்கலாம்? ஆயில், ஏர் ஃபில்டர், கூலன்ட், பேட்டரி முனை, இதெல்லாம் கைக்கு அடங்கிய வேலை. எல்லாவற்றையும்விட முக்கியம் டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீர். டிராக்டருக்கென்று தோட்டத்துச் சாளையில் டிரம்மில் வைத்த டீசலை அவசரத்துக்குக் காருக்கும் ஊற்றுகிறோம். டிரம்மின் உட்சுவரில் வியர்த்த நீர் அடியில் இறங்கி நிற்கும். அது இன்ஜெக்டர் வரை போனால் செலவு பெரிது. பல வண்டிகளில் ஃபில்டர் அடியில் ஒரு சின்னத் திருகு இருக்கும். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஒரு கண்ணாடி பாட்டிலைக் கீழே பிடித்து, திருகைத் தளர்த்துங்கள். பாட்டிலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியிலும் டீசல் மேலேயுமாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். வெறும் டீசல் வரும் வரை விட்டுத் திருகை முடுக்கி, கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

தொடக் கூடாத இடமும் அதே டீசல் பாதையில்தான் இருக்கிறது. காமன் ரெயில் இன்ஜினில் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும், பல வண்டிகளில் 1,600 பார் வரை போகும். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாரைச் சற்றே தாண்டுவது. ஓடுகிற இன்ஜினில் கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது. சில மணி நேரத்தில் விரல் வீங்கிச் சதை அழுகத் தொடங்கும், விரலை எடுக்க வேண்டிய நிலைகூட வரும். மஞ்சள் தூள் வைத்துக் காத்திருக்காமல் அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அதிக அழுத்தத்தில் டீசல் பாய்ந்தது என்று சொல்லிச் சேருங்கள். கசிவு பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

ஜாக்கி விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செம்மண் தரையில் அது மெல்லப் புதையும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பது இன்னும் மோசம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

டைமிங் பெல்ட், பிரேக், ஏர்பேக் வேலைகளை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

ஓட்டம் கூடிய டீசல் வண்டிக்காரர்களிடம் ஒரு யோசனை வாய்வழியாகச் சுற்றுகிறது. "ஈ.ஜி.ஆரை அடைச்சு உட்டா வண்டி நல்லா இழுக்குமுங்க" என்பார்கள். வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்பி, எரியும் சூட்டைக் குறைத்து, நைட்ரஜன் ஆக்சைடு உருவாவதைக் குறைப்பதற்காக வைத்த வால்வு அது. கரி படிந்தால் இழுவை குறையும் என்பது உண்மைதான், அதற்கு மருந்து வால்வைக் கழற்றிக் கழுவுவது. தகடு வைத்து அடைத்தால் கம்பெனி வடிவமைப்பை மாற்றியதாகும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதை அனுமதிக்கவில்லை. மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2)-ன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். புகைச் சோதனைக் கருவி கரும்புகையை மட்டுமே அளக்கும், நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்காது. அந்த ஓட்டையில்தான் இந்த யோசனை பிழைத்துக் கிடக்கிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வடித்த ஆயிலை வேலி ஓரம் ஊற்றும் பழக்கமும் போக வேண்டும். 2016-ஆம் ஆண்டுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அபாயக் கழிவு. கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை நம்பி மாடு வளர்க்கும் ஊரில், கிணற்றை ஒட்டி ஆயிலை ஊற்றுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல். பழைய கேனிலேயே பிடித்து, உரிமம் பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுக்கும் ஒர்க் ஷாப்பில் சேர்த்துவிடுங்கள். பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டால் பில் கேளுங்கள். பழகிய மெக்கானிக்கிடம் பில் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பக்கம் ஒரு கூச்சம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் கொடுக்காததையே முறையற்ற வணிகம் என்கிறது. மாற்றிய பழைய சாமானையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைக்கான கூலி வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க மெக்கானிக்குக்கு ஒப்பந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. அதேபோல், தன்னிடம் இருக்கும் வரை வண்டியைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கு உண்டு. வேலை சரியில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம், இணையத்தில் இ-ஜாக்ரிதி வழியாகவும் பதியலாம்.

கடைசியில் விற்கத்தான் வேண்டும் என்றால், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு ஆர்.சி.யைத் தரகர் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். விற்றவர் படிவம் 29-ல் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் படிவம் 30-ல் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விற்று, பல கை மாறிய பிறகு ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.